கயிறு இறங்காத நெற்றி

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் தமிழும் ஒரு பாடம். அம்மா கொழுந்து எடுக்கிறார். அவரைப் பற்றி மூன்று வரி எழுதினேன்:

கூடை இறங்கிவிட்டது
கயிறு இறங்கவில்லை
அம்மாவின் நெற்றியை விட்டு

வாசித்த ஒருவர், "உவமை இல்லை, அணி இல்லை, வசனத்தை மடித்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். அதனால் "நிலவு போன்ற அவள் முகம் / தாமரை போல் வாடியது" என்று சேர்த்தேன். இப்போது எனக்கே பிடிக்கவில்லை. உவமை, உருவகம், எதுகை, மோனை எல்லாம் பரீட்சைக்குப் பாடமாக்கி வைத்திருக்கிறேன். எழுதும்போது அவற்றை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.
– வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, முதலில் அந்த நிலவையும் தாமரையையும் அடித்துவிடுங்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.

உங்கள் மூன்று வரியில் அணி இல்லை என்று சொன்னவர் "போல" என்ற சொல்லைத் தேடியிருக்கிறார். அது இல்லை என்றதும் தேடுவதை நிறுத்திவிட்டார். மாலையில் கூடையோடு அதைத் தலையில் மாட்டும் கயிறும்தானே இறங்கிவிடுகிறது? பிறகு நெற்றியில் இருப்பது என்ன? கயிறு அழுத்திய தழும்பு. அதைத் "தழும்பு" என்று எழுதாமல் "கயிறு" என்றே எழுதியிருக்கிறீர்கள். கருவியின் பெயர், அந்தக் கருவி உண்டாக்கிய ஒன்றுக்கு ஆகி வந்திருக்கிறது. நீங்கள் பாடமாக்கிய ஆகுபெயர் இதுதான். தழும்பு என்று போட்டிருந்தால் அது ஒரு செய்தி. கயிறு என்றதால் வேலை வீடு வரைக்கும் வந்துவிட்டது. இறங்கியது, இறங்கவில்லை என்று ஒரே வினையை இரண்டு பக்கமும் வைத்தது அதை இன்னும் இறுக்குகிறது. அறிந்து செய்தீர்களோ அறியாமல் செய்தீர்களோ, வேலை சரியாக நடந்திருக்கிறது.

உவமைக்கு வருகிறேன். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட எது எது காரணமாகலாம் என்று தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செய்யும் செயல், தரும் பயன், வடிவம், நிறம். உங்கள் அம்மாவின் முகம் இந்த நான்கில் எதனால் நிலவு? பதில் வராது, ஏனென்றால் அந்த நிலவு உங்கள் அம்மாவைப் பார்த்து வந்ததில்லை. அதே இடத்தில் இப்படி ஒன்றை வைத்துப் பாருங்கள்: "கவ்வாத்து வெட்டிய செடி போல அக்கா படிப்பை விட்டு நின்றாள்." தேயிலை, விட்டால் மரமாக வளரக்கூடியது. கொழுந்தெடுக்கும் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக, சில வருடங்களுக்கு ஒருமுறை வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இங்கே வினை பொருந்துகிறது: வளரக்கூடியது, பிறர் தேவைக்காக வெட்டுப்பட்டது. இதில் "போல" ஒரு உருபு மட்டும்தான், பாரத்தைத் தூக்குவது கவ்வாத்து.

உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஊர்ப் பனியை வைத்தே பிடித்துக்கொள்ளலாம். "திரைப்பனி" என்றால் திரை போன்ற பனி, உவமைத்தொகை. "பனித்திரை" என்றால் பனியாகிய திரை, உருவகம். சொற்கள் இடம் மாறியதும் ஒப்பிடுவது போய் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இன்னும் ஒரு படி போய், அக்காவை விட்டுவிட்டு வெட்டிய செடியை மட்டும் பாடி, அவளை வாசகர் தானே கண்டுகொள்ளும்படி விட்டால் அது பிறிதுமொழிதல். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மலையகத்தில் நேரடியாகச் சொல்ல முடியாதவை நிறைய இருக்கின்றன.

தற்குறிப்பேற்றத்துக்கு உதாரணம் உங்கள் ஊரிலேயே விழுந்துகொண்டிருக்கிறது. 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு சென் கிளேயர் அருவி மெலிந்துபோனது. காரணம் அணை. "விளக்கில்லாத லயத்தைப் பார்த்துப் பார்த்து அருவி மெலிந்தது" என்று, லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை வைத்து நீங்கள் எழுதினால், இயல்பாக நடந்த ஒன்றில் உங்கள் மனதை ஏற்றிவிட்டீர்கள்.

ஓசையைப் பற்றிப் பயப்படாதீர்கள், அது ஏற்கனவே உங்கள் காதில் இருக்கிறது. இந்தப் பாட்டை உங்கள் பாட்டி பாடியிருப்பார்:

கூனி அடிச்ச மலை
கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணன தோத்த மலை
அந்தா தெரியுது பார்

கூனிக்குக் கோப்பி, அண்ணனுக்கு அந்தா என்று முதல் எழுத்தின் ஓசை ஒத்து வருவது: மோனை. முதல் மூன்று அடியின் கடைசியிலும் வந்து நிற்கும் "மலை": இயைபு. (எதுகை இரண்டாம் எழுத்தில் ஒன்றுவது. கூடை, வாடை என்றால் போதும்.) இவற்றை அடையாளம் காட்டினால் பரீட்சைக்குப் புள்ளி கிடைக்கும். கவிதை எழுதுகிறவர் இன்னும் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். முதல் இரண்டு அடியும் வேலையைச் சொல்கின்றன. அந்த ஓசைக்குக் காது பழகிய பிறகு, அதே அச்சில் மூன்றாவது அடி சாவைக் கொண்டுவருகிறது. மலை மாறவில்லை, அதற்கு முன்னால் நிற்கும் சொல்தான் மாறியது. சூதாட்டத்தில் தோற்பது போல அண்ணனைத் "தோத்த". அழுகை என்ற சொல்லே பாட்டில் இல்லை. 1869இல் தென்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்து, தேயிலை வந்து, எத்தனையோ தலைமுறை போய்விட்டது. அந்த இயைபில்தான் கோப்பிக் கன்று இன்னும் நட்டபடி நிற்கிறது.

அசை, அதாவது சொல்லின் ஓசைத் துண்டு, பிரிக்கவும் நம் சொற்களையே எடுங்கள். கூடை, தேமா என்ற வாய்பாடு. கொழுந்து, புளிமா. தேயிலை, கூவிளம். மலையகம், கருவிளம். ஈரசைச் சீர் நான்கும் முடிந்துவிட்டன! வெண்பா எழுதப் போகிறீர்கள் என்றால் தளையும், அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையும் படியுங்கள், புதுக்கவிதைக்கு அது கட்டாயமில்லை. ஆனால் எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

உங்கள் கவிதையை மூன்று வரியோடு அப்படியே விடுங்கள். ஒன்றை மட்டும் அம்மாவிடம் கேளுங்கள்: கூடையைத் தலையில் மாட்டும் அந்தக் கயிற்றுக்கு உங்கள் தோட்டத்தில் தனியாக ஒரு பெயர் இருக்கிறதா? இருந்தால், "கயிறு" என்ற இடத்தில் அதைப் போட்டு ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.