‘பேசினார்’ என்றதும் ஏன் ஆறுதல் சொன்னார்கள்?

நீங்கள் திட்டு வாங்கியதாக அலுவலகத்து யாழ்ப்பாண நண்பர்கள் நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். சென்னையிலிருந்து வந்த நீங்கள் கொழும்பு வெள்ளவத்தை அலுவலகத்தில் ‘மேனேஜர் காலையில பேசினார்’ என்றீர்கள். யாழ்ப்பாணத் தமிழில் உரையாடுவது ‘கதைப்பது’. வெறுமனே ‘பேசினார்’ என்றால் பெரும்பாலும் ஏசினார். உங்கள் பக்கத்திலும் ‘பேச்சு வாங்கினேன்’ என்பீர்களே, அந்தப் பொருள்தான்.

ஆனால் ‘கூட்டத்தில் பேசினார்’ என்றால் இங்கேயும் உரைதான், ‘கலியாணம் பேசினம்’ என்றால் சம்பந்தம். நீங்கள் சொன்னதில் அப்படி ஒரு துணைச்சொல்லும் இல்லை, பேசியவரோ மேனேஜர். முகமும் கொஞ்சம் வாடியிருந்திருக்கும்!

நாளைக்கு ‘மேனேஜர் என்னோட கதைச்சவர்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘என்னவாம்?’ என்று சாதாரணமாகக் கேட்டால் சரி, காரணம் இதேதான்.

கொழும்பில் எல்லாரும் யாழ்ப்பாணத்தார் இல்லை. மலையகத்து (இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதி) நண்பர் ‘பேசினார்’ என்றால் நீங்கள் பதறாதீர்கள்.