பேய் மாளிகை வேண்டாம், அப்பாவின் வீடு போதும்

கேள்வி: எனக்கு வயது 26. சின்ன வயதில் கேட்ட தேவதைக் கதைகளை, பெரியவர்கள் படிக்கிற மாதிரி இருண்ட கோதிக் பாணியில் (பழைய கோட்டை, ரகசியம், திகில் என்று போகிற பாணி) திருப்பி எழுத ஆசை. முதலில் ஹான்ஸல், கிரெட்டல் கதையை எடுத்தேன். சூனியக்காரியின் வீட்டைப் பாழடைந்த மாளிகையாக்கி, நிலவறை, எலும்புக்கூடுகள், காக்கைகள், சுவரில் வழியும் ரத்தம் எல்லாம் வைத்தேன். படித்த தோழிகள் இருவரும் “நல்லாத்தான் இருக்கு, ஆனா பயமே வரலை” என்கிறார்கள். அக்கா பாதியிலேயே மூடி வைத்துவிட்டு, “குழந்தைங்க கதையை ஏன் இப்படி அசிங்கப்படுத்துறே? என் பொண்ணு படிச்சா என்ன ஆகிறது?” என்று கோபித்துக்கொண்டாள். அடுத்து தூங்கும் அழகி கதையை எழுதுவதாக இருந்தேன். இப்போது கை ஓடவில்லை. இன்னொருவர் கதையைத் திருப்பி எழுதினால் அது என் கதை ஆகுமா என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள தோழி,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கதையையும் முழுதாகப் படித்தேன். உங்களுக்கு எழுத வருகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தோழிகள் சொன்னது சரி. முதல் பக்கத்திலேயே ரத்தம் வழிய ஆரம்பித்துவிடுகிறது. நிலவறைக் கதவு திறக்கும்போது நாலு எலும்புக்கூடுகள், அடுத்த அறையில் இன்னும் ஏழு. மூன்றாவது அறைக்குப் போவதற்குள் படிக்கிறவர் பழகிப்போகிறார். பழகிய பிறகு பயம் எங்கிருந்து வரும்?

கோதிக் நாவல் எழுதியவர்களில் ஆங்கில எழுத்தாளர் ஆன் ராட்கிளிஃப் முக்கியமானவர். அவர் இறந்த பிறகு, 1826இல் வெளியான ஒரு கட்டுரையில் பயத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று மனதை விரித்து, புலன்களையெல்லாம் விழிக்க வைக்கும். மற்றது மனதைச் சுருக்கி, உறைய வைத்துவிடும். இன்னதென்று தெளிவாகத் தெரியாமல் இருக்கும் வரைதான் முதல் வகைக்கு உயிர். உங்கள் கதையில் இருப்பதெல்லாம் இரண்டாவது வகை. எல்லாவற்றுக்கும் விளக்குப் போட்டுக் காட்டிவிட்டீர்கள்.

சரி, முதல் வகைக்கு எங்கே போவது? வெளியே எங்கும் போக வேண்டாம். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் எழுதி வைத்த ஹான்ஸல், கிரெட்டல் கதையை, சினிமாவையும் படப் புத்தகங்களையும் மறந்துவிட்டு, வரி வரியாக மெதுவாகப் படியுங்கள். சூனியக்காரி வருவதற்கு வெகு முன்னாலேயே அதில் ஒரு சின்ன விஷயம் வருகிறது.

ஊரெல்லாம் பஞ்சம். பசியில் தூக்கம் வராமல் படுத்திருக்கிற குழந்தைகளின் காதில், அவர்களைக் காட்டில் விட்டுவிட்டு வருவது பற்றி அப்பாவும் அம்மாவும் பேசுவது விழுகிறது. மறுநாள் காட்டுக்கு நடுவில் தீ மூட்டி இருவரையும் உட்கார வைக்கிறார்கள். விறகு வெட்டிவிட்டு வந்து கூட்டிப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். குழந்தைகள் பயப்படாமல் காத்திருக்கிறார்கள். ஏனென்றால் கோடாலிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். ஆனால் அது கோடாலியே இல்லை. அப்பா ஒரு கிளையைப் பட்டுப்போன மரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் போயிருக்கிறார். காற்றில் அது முன்னும் பின்னும் மோதுகிற சத்தம்தான் அது.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இவ்வளவுக்கும் கதை இதற்காக ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் செலவிடுகிறது. இந்த அப்பாவைப் பாவம், மனைவி பேச்சுக்கு ஆடியவர் என்றுதான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் கிளையைத் தேடிப்பிடித்து, கயிறு எடுத்து, காற்றடிக்கிற பக்கம் பார்த்துக் கட்டியது அவர் கை. குழந்தைகள் ஏமாறுகிறார்களா என்று நின்று கேட்டுப் பார்த்திருப்பாரா? கதை சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் நீங்கள் எழுத ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது கதையின் முடிவுக்கு வாருங்கள். காட்டில் குழந்தைகளைப் பிடித்துத் தின்னப் பார்த்த சூனியக்காரி அடுப்பில் செத்துப்போகிறாள். குழந்தைகள் முத்துகளையும் ரத்தினங்களையும் அள்ளிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அம்மா இறந்துவிட்டாள், அப்பா இருக்கிறார். பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதியான நேரமே இருக்கவில்லை என்கிறது கதை. இவர்கள் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். இனி சந்தோஷம்தான், சுபம்.

அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யார் தூங்கியிருப்பார்கள்? அதே சுவர், அதே படுக்கை, சுவருக்கு அந்தப் பக்கம் அதே குரல். கையிருப்பு தீர்ந்து மறுபடி ஒரு பஞ்சம் வந்தால்? உங்கள் கோதிக் மாளிகை இதுதான், ஒரு விறகுவெட்டியின் குடிசை. உங்கள் வில்லனும் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் மேல் பாசம் உள்ளவர், அழுதவர், ஆனாலும் அதைச் செய்தவர். அதனால்தான் அவர் பயமுறுத்துகிறார்.

நான் சொல்வது விளங்க, உங்கள் கதையிலிருந்தே ஒரு வரி: “இருள் கவ்விய அந்தக் கொடூர மாளிகையின் சுவர்களில் குருதி ஆறாய்ப் பெருகியது.” அதற்குப் பதிலாக இப்படி ஒன்று வைத்துப் பாருங்கள்: “வெளியே விறகு வெட்டும் சத்தம். கிரெட்டல் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். அப்பாதான் வெட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போய்ப் பார்த்தாள்.” இது ஒரு மாதிரிக்குத்தான், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தெரிகிறது இல்லையா? வருடங்கள் போனாலும் அவள் அந்தச் சத்தத்தை நம்பப்போவதில்லை.

கோதிக் என்றால் இடிந்த கோட்டையும் மெழுகுவர்த்தியும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். 1764இல் வெளியான ஹோரஸ் வால்போலின் ‘ஒட்ரான்டோ கோட்டை’யைத்தான் முதல் கோதிக் நாவல் என்பார்கள். கோட்டை, சுரங்கப் பாதை, ரகசியம் எல்லாம் அதிலேயே உண்டு. ஆனால் அந்தக் கோட்டையை ஆட்டிவைப்பது முன்னோர் செய்த ஒரு பாவம். வீட்டுக்குள் யாரோ எப்போதோ ஒன்றைச் செய்தார்கள், அது இன்னும் தீரவில்லை. அதுதான் முதுகெலும்பு. மற்றதெல்லாம் திரைச்சீலை.

அந்த நாவலுக்கு 67 வருடம் முன்பே, 1697இல், பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ ‘நீலத்தாடி’ கதையை அச்சில் கொண்டுவந்துவிட்டார். புது மனைவியிடம் எல்லா அறைகளின் சாவியையும் கொடுக்கிறான் கணவன். ஒரே ஓர் அறையை மட்டும் திறக்கக் கூடாது. அவள் திறக்கிறாள், முந்தைய மனைவிகளின் பிணங்களைப் பார்க்கிறாள், சாவி கைதவறி விழுந்து ரத்தக் கறை படிகிறது. பிணங்களுக்குக் கதை இரண்டு மூன்று வரிதான் தருகிறது. சாவியோடுதான் நம்மை நிற்க வைக்கிறது. துடைக்கிறாள், கழுவுகிறாள், மணல் போட்டுத் தேய்க்கிறாள். ஒரு பக்கம் கறை போனால் மறு பக்கம் வந்துவிடுகிறது. அவன் எந்த நேரமும் திரும்பி வரலாம். உங்கள் நிலவறையின் பதினோரு எலும்புக்கூடுகளும் சேர்ந்து செய்யாததை இந்த ஒரு சாவி செய்துவிடுகிறது. கதைக்கு ஒரு பொருள் போதும். உங்களுக்கு அந்தக் கிளை இருக்கிறது.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கதைகள் மிகக் கொடூரமான விஷயத்தைக் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போகும். கிரிம்மின் ஸ்னோ ஒயிட் கதை முடிவில், பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டு, அவளைக் கொல்லப் பார்த்த ராணியைச் சாகும்வரை ஆட வைக்கிறார்கள். அலறலும் இல்லை, அழுகையும் இல்லை. உங்களுடைய ‘கொடூர’, ‘கோர’, ‘பயங்கர’ எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிக மோசமான விஷயத்துக்கு மிகச் சின்ன வாக்கியம் கொடுங்கள்.

அக்காவிடம் வருகிறேன். இந்தக் கதைகள் ஆரம்பத்தில் பாலும் தேனுமாக இருந்தன, நீங்கள்தான் விஷம் கலக்கிறீர்கள் என்று நினைக்கிறார். நடந்தது நேர் எதிர். 1812இல் கிரிம் தொகுப்பு முதலில் வெளிவந்தபோது ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவளைச் சித்தி ஆக்கினார்கள். ஹான்ஸலையும் கிரெட்டலையும் காட்டுக்கு அனுப்பச் சொன்னவளும் முதலில் பெற்ற அம்மாதான், 1840 பதிப்பில் அவளும் சித்தியானாள். முதல் பதிப்பில் கோபுரத்தில் அடைபட்டிருக்கும் ராபுன்ஸல், உடைகள் ஏன் இறுகிக்கொண்டே போகின்றன என்று தன்னை அடைத்து வைத்த தேவதையிடம் விவரம் புரியாமல் கேட்பாள், அவள் கர்ப்பமானது அப்படித்தான் வெளிப்படும். அதையும் எடுத்துவிட்டார்கள். தாய் என்பவள் அப்படிச் செய்ய மாட்டாள் என்று சமூகம் நம்ப விரும்பியது, கதை வளைந்துகொடுத்தது. நாம் கேட்டு வளர்ந்ததே துடைத்து வைத்த கதைகளைத்தான்.

ஆனால் அக்கா கேட்டதில் ஒன்று முழுக்க நியாயம். அவர் மகளுக்கு இது வேண்டாம். இந்தச் சண்டை கிரிம் சகோதரர்கள் காலத்திலேயே வந்ததுதான். இவை பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல என்று அவர்கள் பேரிலும் புகார் வந்தது. 1825இல், 50 கதைகளை மட்டும் பொறுக்கி ஒரு சின்னப் பதிப்பு கொண்டுவந்தார்கள். நீங்களும் பெரியவர்களுக்கான கதை என்று தலைப்புக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். பொம்மைப் படம் போட்ட அட்டை வேண்டாம். தேவதைக் கதையின் பெயரைப் பார்த்துப் பிள்ளைகள் கையில் எடுத்துவிடும், அந்தப் பொறுப்பு எழுதுகிறவருக்கு இருக்கிறது. திருத்திய பிறகு அக்காவிடமே முதலில் கொடுங்கள். பிள்ளை பெற்றவர், காட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தோன்றாத ஒன்றை அவர் சொல்லக்கூடும்.

தூங்கும் அழகியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். 1630களில் அச்சான, இத்தாலியரான ஜாம்பாத்திஸ்டா பசீலேயின் தொகுப்பில் அந்தக் கதையின் பழைய வடிவம் ஒன்று இருக்கிறது. தாலியா என்ற அந்தப் பெண் தூக்கத்தில் கிடக்கும்போதே ஓர் அரசன் அவளைப் பலவந்தப்படுத்திவிட்டுப் போய்விடுகிறான். தூக்கத்திலேயே அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. பால் தேடிய ஒரு குழந்தை அவள் விரலைச் சப்ப, அதில் குத்தி அவளைத் தூங்க வைத்திருந்த சணல் நார் வெளியே வந்து கண் விழிக்கிறாள். கடைசியில் அதே அரசனைக் கல்யாணமும் செய்துகொள்கிறாள், கதை அதை நல்ல முடிவு என்கிறது. இருண்ட கதை எழுத வருகிற பலர் இந்தப் பலாத்காரத்தை அலங்காரம் மாதிரி எடுத்து வைக்கிறார்கள். வாசகரை அதிரவைக்க அது சுலபமான வழி, அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது தடவை செய்கிற அநியாயமும்கூட. எழுதுவதானால் அவள் கண் விழித்த அந்தக் காலையிலிருந்து ஆரம்பியுங்கள். மடியில் யாரென்று தெரியாத இரண்டு குழந்தைகள், நடந்தது என்னவென்று சொல்ல ஆளில்லாத வீடு. அவளுக்கு என்ன தோன்றும், யாரிடம் கேட்பாள் என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு எழுதுங்கள். தெரியாதவரை தொட வேண்டாம்.

இது சொந்த எழுத்தா என்ற சந்தேகத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். பெரோவின் சிவப்புத் தொப்பிப் பெண்ணை ஓநாய் தின்றுவிடும், அதோடு கதை முடியும். கிரிம்மில் வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவான். பிரெஞ்சு கிராமங்களில் வாய்வழியாகச் சொல்லப்பட்ட ஒரு வடிவத்தில் சிவப்புத் தொப்பியும் கிடையாது, வேட்டைக்காரனும் கிடையாது. வெளிக்குப் போக வேண்டும் என்று சொல்லி வெளியே வந்து, ஓநாய் தன் காலில் கட்டிய கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுத் தப்பி ஓடுவாள் அந்தப் பெண். நீலத்தாடியிடமிருந்து மனைவியைக் காப்பாற்ற அண்ணன் தம்பிகள் வருவதாக பெரோ எழுதினார். 1979இல் ஆங்கில எழுத்தாளர் ஆஞ்சலா கார்ட்டர் அதே கதையைத் திருப்பி எழுதியபோது அவள் அம்மாவைக் குதிரையில் வரவைத்தார். இதில் எது யாருடைய கதை? பெரோ, கிரிம், டென்மார்க்கின் ஆண்டர்சன் எல்லோருடைய கதைகளும் பொதுச்சொத்து. சினிமா நிறுவனங்கள் தாங்களாகச் சேர்த்த பெயர்களையும் உருவங்களையும் மட்டும் எடுக்காதீர்கள். ஸ்னோ ஒயிட்டை முத்தம் கொடுத்து எழுப்புவதுகூட கிரிம்மில் இல்லை. பெட்டியைச் சுமந்தவர்கள் தடுக்கியதில் தொண்டையிலிருந்த ஆப்பிள் துண்டு தெறித்துத்தான் அவள் எழுவாள். மூலத்தைப் படிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போதைக்கு நிலவறையையும் காக்கைகளையும் எடுத்துவிட்டு, பிள்ளைகள் திரும்பி வந்த முதல் ராத்திரியை மட்டும் எழுதுங்கள். மூன்று பேர், ஒரு மேசை, மேசை மேல் முத்துகள். அந்தக் கிளையைப் பற்றி முதலில் வாயைத் திறப்பது ஹான்ஸலா, கிரெட்டலா, அல்லது கேட்பதற்கு முன்னாலேயே அப்பாவா என்பதை முடிவு செய்துகொண்டு உட்காருங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.