பேஸ்பால், ஃபுட்பால் ஆட்டக்காரர்களின் உண்மையான மதிப்பை எதை வைத்துச் சொல்வது? 'வார்' எண்ணை நம்பலாமா?

இந்தக் கேள்விக்காக என் மச்சினன் என்னோடு ஐந்து மாதம் பேசாமல் இருந்திருக்கிறான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஆபீசில் யாரோ ஃபான்டஸி லீகில் (நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, அவர்கள் எடுக்கிற எண்களை வைத்து நாம் போட்டி போடுகிற விளையாட்டு) இழுத்து விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் நம் ஆட்கள் இப்படி ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். நான் புள்ளியியல் படித்தவன் இல்லை. டெட்ராய்ட் பக்கம் பிரேக் பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. எங்கள் ஊர் பேஸ்பால் அணி டைகர்ஸ், ஃபுட்பால் அணி லயன்ஸ் இரண்டையும் இருபது வருடமாகப் பார்த்து மனம் நொந்தவன், எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவுதான். அப்புறம், ஃபுட்பால் என்று நான் சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தை. மெஸ்ஸி, ரொனால்டோ என்று ஆரம்பிக்க வேண்டாம்.

வார் (WAR, Wins Above Replacement) என்றால் சண்டை இல்லை (எங்கள் வீட்டில் அதுவும்தான்). ஒரு ஆட்டக்காரர் அடிபட்டு உட்கார்ந்துவிட்டால் கீழ்நிலை லீகிலிருந்து குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒருவரைக் கூட்டி வந்து நிறுத்துவார்கள் இல்லையா, அந்த ஆளை விட இவர் ஒரு சீசனில் எத்தனை வெற்றியைக் கூடுதலாகக் கொடுத்தார் என்பதுதான் கணக்கு. அப்படிப்பட்ட மாற்றாட்களை மட்டும் வைத்து ஒரு அணி அமைத்தால் 162 ஆட்டத்தில் 48 போல ஜெயிக்கும் என்பது அடிப்படை. பேட்டிங் மட்டும் இல்லாமல் ஓட்டம், ஃபீல்டிங், எந்த இடத்தில் நின்று ஆடுகிறார் என்பதெல்லாம் உள்ளே போகிறது. ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டு மாதிரி கஷ்டமான இடத்தில் நிற்பவருக்குக் கொஞ்சம் கூடுதல், ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவருக்குக் குறைவு. இதை இரண்டு பெரிய இணையதளங்கள் ஆளுக்கொரு விதமாகப் போடுகின்றன, விடை ஒன்றாக இருக்காது. அது பரவாயில்லை.

சரி, 2012. எங்கள் மிகேல் கப்ரேரா அந்த வருடம் ட்ரிப்பிள் கிரௌன் வாங்கினார். ஆவரேஜ் .330, ஹோம் ரன் 44, ஆர்பிஐ (அவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்) 139, அமெரிக்கன் லீகில் மூன்றிலும் முதலிடம். அதற்கு முன் 1967இல் பாஸ்டனின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி செய்தது, 45 வருடம் யாராலும் முடியவில்லை. அதே வருடம் ஏஞ்சல்ஸ் அணியில் மைக் ட்ரவுட் என்ற இருபது, இருபத்தொரு வயதுப் பையன், முழு சீசன் ஆடுவது அதுதான் முதல் தடவை, .326, 30 ஹோம் ரன், 49 ஸ்டோலன் பேஸ், சென்டர் ஃபீல்டில் சுவர் மேல் ஏறிப் பந்தைப் பறிக்கிறான். வார் கணக்கில் ட்ரவுட் பத்துக்கு மேல், கப்ரேரா ஏழு சொச்சம். மச்சினன் இருப்பது கலிபோர்னியா இர்வைனில், ஏஞ்சல்ஸ் மைதானத்துக்குப் பக்கம், டேட்டா வேலை. மீதியை நீங்களே யூகிக்கலாம்.

பந்தயம் கட்டினோம். தோற்றவன் மற்றவன் அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு குடும்ப குரூப்பில் படம் போட வேண்டும். நவம்பரில் எம்விபி, அதாவது லீகின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருதை, அறிவித்தார்கள், 28 முதலிட ஓட்டில் 22 கப்ரேராவுக்கு. அடுத்த வாரம் தேங்க்ஸ்கிவிங்குக்கு எங்கள் வீட்டுக்கு வந்த ஆள் ஜெர்சியைத் தொடவே மாட்டேன் என்கிறான். "அத்தான், ஓட்டுப் போட்டவங்களுக்கு கணக்கு தெரியலைன்னா அதுக்கு நான் ஏன் சட்டை மாத்தணும்?" லேப்டாப்பை டைனிங் டேபிளில் திறந்து வைத்துவிட்டான். கப்ரேரா தேர்ட் பேஸில் நிற்பது புளியமரம் நிற்கிற மாதிரி என்றான். கோபம் வராதா? அந்த வருடம் பிரின்ஸ் ஃபீல்டரை ஃபர்ஸ்ட் பேஸுக்கு எடுத்ததால், பெரிய ஸ்டார் என்று முறுக்கிக்கொள்ளாமல், உடம்பைக் குறைத்துக்கொண்டு தேர்ட் பேஸுக்குப் போன மனுஷன் அவர். அது உன் கணக்கில் எந்த நெடுவரிசையில் வரும் என்று கேட்டேன். நாங்கள் பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் நடக்கிற நாக்அவுட் சுற்று) போனோம், நீங்கள் போகவில்லை என்றேன். "நாங்க 89 ஜெயிச்சோம், நீங்க 88தான், உங்க டிவிஷன்ல இருந்த மத்த அணிங்க சொத்தை, அதான் போனீங்க" என்றான். அதுவும் உண்மைதான், அதனால்தான் குரல் உயர்ந்தது. பின்னால் டிவியில் லயன்ஸ் ஹூஸ்டனோடு எக்ஸ்ட்ரா டைமில் 34-31 தோற்றுக்கொண்டிருந்தது. என் மனைவி இரண்டு பேர் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை அவன் கிளம்பியவன் தமிழ்ப் புத்தாண்டுக்குத்தான் போன் செய்தான், அதுவும் அக்காவுக்கு.

இப்போது கேட்டால் சொல்கிறேன், மதிப்பு என்ற விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி. அந்த வருடம் ட்ரவுட்தான். வாக்குமூலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் மாறியது அவன் லேப்டாப்பைப் பார்த்து இல்லை. 2014இல் டைகர்ஸ் கப்ரேராவின் ஒப்பந்தத்தை எட்டு வருடம், 24.8 கோடி டாலருக்கு நீட்டித்தது. அப்போது அவருக்கு ஒப்பந்தம் முடியவே இன்னும் இரண்டு வருடம் இருந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் ஆபீசில் எல்லாரிடமும் போய் "தகும், தகும்" என்றேன். 2017இல் முதுகு போனது, ஆவரேஜ் .249. 2018இல் பைசெப்ஸ் தசைநார் கிழிந்து 38 ஆட்டத்தோடு சரி. வருடத்துக்கு 3 கோடி டாலர் போய்க்கொண்டே இருந்தது. வார் பூஜ்யத்தை ஒட்டி, சில வருடம் அதற்கும் கீழே. அதாவது கணக்குப்படி, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு யாரையாவது நிறுத்தியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நடந்து முடிந்ததற்குக் கொடுக்கிற பணம் வேறு, இனி நடக்கப் போவதற்குக் கொடுக்கிற பணம் வேறு என்று எனக்குப் புரிய அத்தனை வருடம் ஆனது.

ஆனாலும் ஒன்று. 2022 ஏப்ரல் 21, கப்ரேரா 2999 ஹிட்டில் நிற்கிறார். எதிரணி யாங்கீஸ் அவரை அடிக்க விடாமல் வேண்டுமென்றே ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடக்க விட்டார்கள், அரங்கமே ஊளையிட்டது. மறுநாள் மழை. சனிக்கிழமை இரண்டு ஆட்டம், நானும் பையனும் குல்லாய், கையுறையோடு போனோம். முதல் இன்னிங்ஸிலேயே வலது பக்கம் ஒரு சாதாரண சிங்கிள், 3000. கொலராடோ ஷார்ட்ஸ்டாப் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார், அவர் இங்கே பழைய டைகர்ஸ் ஆள் ஹோசே இக்லேசியாஸ். பையன் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு தாத்தாவோடு கை தட்டிக்கொண்டான். அந்த சிங்கிள் வார் கணக்கில் மற்ற சிங்கிள் மாதிரிதான். நான் கணக்கு தப்பு என்று சொல்ல வரவில்லை. டிக்கெட் வாங்கியது நான், எனக்கு அது எவ்வளவு பெறும் என்பது என் கணக்கு. இதற்கு "உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று கீழே எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதலாம்.

பேஸ்பாலில் இந்தக் கணக்கு ஓரளவு ஓடுவதற்குக் காரணம், அது கூட்டமாக நின்று தனியாக ஆடுகிற ஆட்டம். பிட்ச்சர் வீசுகிறார், பேட்டர் அடிக்கிறார், நடுவில் மூன்றாவது ஆள் கிடையாது. எந்த அணிக்குப் போனாலும் ட்ரவுட் ட்ரவுட்தான். ஃபுட்பாலில் இதைக் கொண்டு வந்தால் கதை கந்தல். 2012இல் எங்கள் லயன்ஸில் பாஸ் பிடிக்கிற கால்வின் ஜான்சன் ஒரே சீசனில் 1964 கெஜம் பிடித்தார், ஜெர்ரி ரைஸின் பழைய சாதனையை உடைத்தார். அணி ஜெயித்தது நாலு ஆட்டம். பந்தை அவரைத் தவிர வேறு யாருக்கும் வீச முடியாத அளவுக்கு அணி மோசமாக இருந்ததால்தான் அத்தனை கெஜமோ என்று இன்றைக்கும் சந்தேகம்.

குவார்ட்டர்பேக் (பாஸ் வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) விஷயத்தில் நான் வாங்கிய அடி இன்னும் பெரிது. 2021 ஜனவரியில் லயன்ஸ் எங்கள் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபையும், இரண்டு முதல் சுற்று டிராஃப்டையும் (புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற உரிமை), ஒரு மூன்றாம் சுற்றையும் வாங்கினார்கள். காஃப் அப்போது ராம்ஸ் தலையிலிருந்து இறக்கப் பார்த்த சுமை, அவருடைய சம்பளத்தையும் சேர்த்துத் தள்ளிவிடத்தான் இத்தனை டிராஃப்ட் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டோம் என்று மூன்று பக்கத்துக்கு எழுதிக்கூட வைத்திருக்கிறேன், தேடாதீர்கள். ஒரு வருடத்தில் ஸ்டாஃபோர்ட் சூப்பர் பௌல் (ஃபுட்பாலின் இறுதி ஆட்டம்) ஜெயித்தார், நான் சொன்னேனே என்றேன். ஆனால் இங்கே குவார்ட்டர்பேக்கைக் காக்கிற முன்வரிசையில் பெனே சூவெல், ஃபிராங்க் ராக்னோ, டெய்லர் டெக்கர் என்று ஒரு மதிலே நின்றது. அதன் பின்னால் நிற்கிற காஃப் வேறு காஃப். 2024 ஜனவரி 14, அதே ராம்ஸ், அதே ஸ்டாஃபோர்ட், எங்கள் மைதானம், 24-23. பிளேஆஃபில் ஒரு ஆட்டம் ஜெயிக்க 32 வருடம். அறுபதாயிரம் பேர் காஃப் பேரைக் கத்தினார்கள், பேஸ்மென்டில் நானும் கத்தினேன், கொஞ்சம் கூச்சத்தோடு.

அந்த முன்வரிசை ஆட்களுக்கு என்ன எண் இருக்கிறது? வழக்கமான ஸ்கோர் பட்டியலில் ஒன்றும் இல்லை. நடுவில் நிற்கிற சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பதைத் தவிர, பெரும்பாலும் பந்தைத் தொட மாட்டார்கள், கெஜம் இல்லை, டச்டவுன் இல்லை. கமென்டேட்டர் அவர்கள் பேரைச் சொன்னால் பெரும்பாலும் தப்பு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சென்டர் ராக்னோ 2025 ஜூனில் ஓய்வு பெற்றார். முந்தின சீசனில் 15 வெற்றி, 2 தோல்வி என்று இருந்த அணி அந்த சீசனில் பிளேஆஃபுக்கே போகவில்லை. அவர் ஒருவர் போனதால்தான் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், இரண்டு கோஆர்டினேட்டர்களும் (தலைமைக் கோச்சுக்கு அடுத்த கோச்கள்) வேறு அணிக்குத் தலைமைக் கோச்சாகப் போனார்கள், தெரியும். ஆனால் அந்த இடத்தை நிரப்ப ஆளை இங்கும் அங்கும் மாற்றி நிறுத்தியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 28, சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்னால், சான் பிரான்சிஸ்கோவோடு. அன்றைக்கென்று பார்த்து எங்கள் பக்கத்து ஒரு அமைப்பின் பொங்கல் விழா. தேதியை மாற்றுங்கள் என்று டிசம்பரிலேயே சொன்னேன், "ஃபுட்பாலுக்காகப் பொங்கலா" என்று சிரித்தார்கள். ஊரே டிவி முன்னால் இருக்கிறது, நாங்கள் ஒரு பள்ளிக்கூட அரங்கில் செயலாளர் பேச்சைக் கேட்கிறோம். பேச்சு முக்கால் மணி நேரம். பிறகு சிறந்த தன்னார்வலர் ஷீல்டு. யாருக்கு? மேடையில் மைக் பிடித்தவருக்கு. மூன்று வருடமாக நானூறு பேருக்குப் பொங்கல் கிளறி, கடைசியில் அண்டாவையும் கழுவிவிட்டு வருகிற என் மனைவி பேரைக்கூட யாரும் சொல்லவில்லை. அவள் கண்டுகொள்ளவில்லை, எனக்குத்தான் ஆறவில்லை. வராந்தாவுக்குப் போய் போனில் பார்த்தேன். பாதி ஆட்டத்தில் 24-7 என்று நாங்கள் முன்னால். அப்புறம் அவர்கள் குவார்ட்டர்பேக் பிராக் பர்டி நீளமாக வீசிய பந்து எங்கள் ஆளின் ஹெல்மெட் முகக்கம்பியில் பட்டு எகிறி அவர்கள் ஆள் ஐயுக் கையில் போய் விழுகிறது, 51 கெஜம். கையில் விழ வேண்டிய பாஸ் ஒன்றை எங்கள் ஆள் நழுவ விடுகிறார். முடிவு 34-31, அந்தப் பழைய தேங்க்ஸ்கிவிங் ஸ்கோரேதான். இப்போது சொல்லுங்கள், அந்த 51 கெஜம் பர்டியின் கணக்கில் அழகான பாஸாக உட்கார்ந்திருக்கிறது. டிராஃப்டில் 262ஆவது ஆளாக, கடைசியாக எடுக்கப்பட்டவர் அவர். நல்ல ஆட்டக்காரர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஹெல்மெட்டின் பங்கு எவ்வளவு?

பேஸ்பாலில் ஓஹ்தானியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்பீர்கள். வீசவும் அடிக்கவும் ஒரே ஆள் என்பதால் அவரை எந்தத் தராசிலும் நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 68 கோடியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவர், அவரை விட்டுவிடுவோம்.

மச்சினன் இப்போது வார் பேச்சு எடுப்பதில்லை. ட்ரவுட்டுக்கு 2030 வரை ஒப்பந்தம், வருடத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல், 2024இல் ஆடியது 29 ஆட்டம். "உடம்பு மட்டும் ஒத்துழைச்சிருந்தா, அத்தான்..." என்று ஆரம்பிப்பான். நான் புளியமரத்தை ஞாபகப்படுத்துவதில்லை.

உங்கள் ஃபான்டஸி லீகுக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் லீகில், ஆளுக்கொரு குவார்ட்டர்பேக்தான் என்றால், முதல் சுற்றில் குவார்ட்டர்பேக்கை எடுக்காதீர்கள். நல்லவர், ஆனால் எட்டாவது சுற்றில் கிடைக்கிற ஆளுக்கும் அவருக்கும் உள்ள தூரம் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. ஓடுகிறவரையோ பிடிக்கிறவரையோ எடுங்கள், கிக்கரைக் கடைசியில். லைன்மேன், அதாவது அந்த முன்வரிசை ஆட்கள், யாரையாவது எடுக்கலாம் என்று தேடாதீர்கள், அவர்கள் அந்தப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள்.