ஆடிட்டர் கையெழுத்துக்குப் பயந்து பேசாமல் இருக்கிறேன்

கேள்வி: சிஏ படிப்புக்காக ஓர் ஆடிட்டரிடம் பயிற்சியில் (ஆர்ட்டிகிள்ஷிப்) இருக்கிறேன். சின்ன ஆபீஸ், ஆடிட்டரையும் சேர்த்து 6 பேர்தான். டேலியில் என்ட்ரி காட்டும்போது பின்னால் வந்து நின்று தோளில் கை வைப்பார். ராத்திரி 11 மணிக்கு ‘தூங்கிட்டியா?’ என்று வாட்ஸ்அப் வரும். பயத்தில் சிரிக்கிற எமோஜி போட்டிருக்கிறேன். இப்போது வெளியூர் ஆடிட்டுக்குத் தன் காரில் தனியாக வரச் சொல்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் வேறு ஆபீசுக்கு மாறுவதும் கஷ்டம். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் அந்த எமோஜி கவலையை விடுங்கள். உங்கள் படிப்பையே கையில் வைத்திருப்பவர் ராத்திரியில் மெசேஜ் அனுப்பினால் நீங்கள் வேறு என்ன போட்டிருக்க முடியும், வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிட்டு மறுநாள் காலையில் அவர் எதிரில்தானே போய் உட்கார வேண்டும். அது சம்மதம் ஆகாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013 சட்டம், அந்த நடத்தை உங்களுக்குப் பிடிக்காததா என்றுதான் பார்க்கிறது. வேலையைக் காட்டி மிரட்டுவது, அதை வாய்விட்டுச் சொல்லாமல் ஜாடையாக உணர்த்துவது, இரண்டும் அதில் அடக்கம். ஸ்டைபண்ட் வாங்கும் பயிற்சி மாணவியும் சட்டப்படி ஊழியர்தான். வேலை விஷயமாகப் போகிற வெளியூரும் பணியிடம்தான்.

10 பேருக்குக் குறைவான ஆபீசில், இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்காது. அதற்காகத்தான் மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர் குழு. முதலாளி மீதே புகார் என்றால், எத்தனை பேர் வேலை செய்கிற இடமானாலும் அங்கேதான் போக வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள், பெண்கள் உதவி எண் 181-க்கும் போன் செய்யலாம். கடைசியாக நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை நீட்டிப்பார்கள். விசாரணைக்கு 90 நாள் கெடு. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் உங்கள் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. சமாதானம் பேசுவதானால் அதை நீங்கள் கேட்டால்தான் உண்டு, அதிலும் பணம் பேசக் கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விசாரணை நடக்கும்போதே உங்களுக்கு லீவு, இடமாற்றம் என்று குழு பரிந்துரைக்கலாம், ஆனால் அதைச் செய்து கொடுக்க வேண்டியவர் அந்த முதலாளியே. சின்ன ஆபீஸ் பெண்களுக்கு இது பெரிய ஓட்டை, இந்தச் சட்டத்தின் மேல் எனக்குள்ள கோபமும் இதுதான். அதனால் அதோடு நிற்காதீர்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்கும் புகார் அனுப்புங்கள். ஆர்ட்டிகிள்ஷிப்பை வேறு ஆடிட்டரிடம் மாற்ற என்ன வழி என்று அந்த நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள். போலீசுக்குப் போவதும் உங்கள் உரிமை, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது.

வாட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டுகளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இல்லாமல் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். தோளில் கை வைத்தது எந்தத் தேதி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நினைவிருப்பதை இன்றைக்கே எழுதுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அந்தக் காரில் ஏறாதீர்கள். ‘நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் சார்’ என்று வாட்ஸ்அப்பிலேயே அனுப்புங்கள். அவர் என்ன பதில் போட்டாலும் அதையும் சேர்த்து வையுங்கள்.