மிச்சச் சோறும் அஞ்சு ஸ்டாரும்: கேட்டவர்களுக்குப் பதில்

ஃப்ரிட்ஜில் வைக்கிற கண்ணாடி டப்பா ஒன்றை ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, போன மாதம் அதைப் பற்றி எழுதியிருந்தேன். அதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன, பாதிப் பேர் டப்பாவைப் பற்றி, மீதிப் பேர் அதற்குள் இருந்த குழம்பைப் பற்றி. நாங்கள் கும்பகோணம் பக்கம், வீட்டில் ஐந்து பேர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து: அக்கா, பாட்டி வீட்டுப் பழையது மாதிரி எனக்கு வரவே மாட்டேங்குது. மதியம் வைத்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றுகிறேன், காலையில் பிசுபிசுன்னு ஒரு வாடை. நல்ல ரிவ்யூ பார்த்து மண்சட்டிகூட வாங்கிவிட்டேன்.

சட்டி மேல் தப்பில்லை தங்கச்சி. மதியத்திலிருந்து ராத்திரி வரை சோறு சும்மா கிடந்ததே, கோளாறு அங்கேதான். சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்று ஒரு கிருமியின் வித்துகள் இருக்கும், கொதிக்கிற தண்ணீரிலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கிவிடும், அப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீரிலோ ஃப்ரிட்ஜிலோ போய்விட வேண்டும். ராத்திரிக்கு என்று கொஞ்சம் தனியாக வடித்தாலே போதும், அதில் மிஞ்சுவதுதான் பழையதுக்கு.

இன்னொன்று, குக்கரில் குழைந்த பச்சரிசிச் சோறு காலையில் கூழாகத்தான் நிற்கும். புழுங்கலரிசி வேண்டும், வடித்ததாக இருக்க வேண்டும், இட்லிக்கு வாங்குகிற சிஆர் 1009 மாதிரி குண்டு ரகம் என்றால் பருக்கை உடையாமல் இருக்கும். சோறு கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் மேலே இரண்டு விரல் நிற்கிற அளவு தண்ணீர் ஊற்றி, கையை விடாமல் கரண்டியால் கட்டியை உடைத்துவிடுங்கள். உப்பு காலையில்தான். சித்திரை வைகாசியில் எட்டு மணி நேரமே தாராளம், மார்கழியில் பத்து பன்னிரண்டு ஆகும். மூடியைத் திறந்தால் மோர் மாதிரி லேசான புளிப்பு மணம் வர வேண்டும். ஒரு பருக்கையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிரித்துப் பாருங்கள், நூல் இழுத்தால் மாட்டுக்குக்கூட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

திருவாரூரிலிருந்து: 4.6 ஸ்டார், ஆயிரக்கணக்கில் ரிவ்யூ. நம்பி மிக்ஸி வாங்கலாமா?

அந்த எண்ணை விட்டுவிடுங்கள் தம்பி. மூன்று ஸ்டார் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள், அவர்களுக்குப் புகழவும் அவசரம் இல்லை, திட்டவும் கோபம் இல்லை. "நல்ல பொருள், சீக்கிரம் வந்தது" என்பது கொரியர்காரரைப் பற்றிய ரிவ்யூ, மிக்ஸியைப் பற்றியது இல்லை. ஒரே வாரத்தில் ஐம்பது பேர் ஒரே தொனியில் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். கீழே போய்ப் பழைய ரிவ்யூக்களின் படங்களையும் பாருங்கள், சில நேரம் அதில் வேறு ஏதோ பொருள் இருக்கும், செல்போன் உறை மாதிரி. பழைய பக்கத்தின் ஸ்டார்களை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றி விற்கிறார்கள். "தேங்காய்ச் சட்னி அரைத்தேன், உளுந்து அரைத்தேன், ஏழாவது மாதம் ஜார் அடியில் ஒழுகுகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த ஒன்று நூறுக்குச் சமம்.

எனக்கே ஒரு முறை பார்சலுக்குள் ஒரு அட்டை வந்தது, அஞ்சு ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய் என்று. அந்த அட்டையையே படம் எடுத்து ரிவ்யூவில் போட்டேன், வெளியாகவே இல்லை. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது, ஏனென்றால் அந்தக் காசு கொடுத்து வாங்கின ஸ்டாரை நம்பிப் பொருள் வாங்குகிறவர் என்னைப் போல மாதக் கடைசியில் எண்ணி எண்ணிச் செலவு பண்ணுகிறவராக இருப்பார். விற்கிறவரே வாடிக்கையாளர் வேஷத்தில் ரிவ்யூ போடக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. காசுக்கு எழுதிய ரிவ்யூவை வெளியிடக் கூடாது என்று 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையும் வந்தது, ஆனால் அது விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம் என்றுதான் வந்தது. ஏமாந்துவிட்டால் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

சீர்காழியிலிருந்து: பொங்கலுக்கு வைத்த குழம்பு நாலு கிண்ணம் மிஞ்சிவிடுகிறது. கொட்ட மனசு வரவில்லை.

கொட்டாதீர்கள், சுண்டக்கறி ஆக்குங்கள். கூட்டுக்குழம்பு, வத்தக்குழம்பு, மிஞ்சின அவரைக்காய்ப் பொரியல் எல்லாவற்றையும் கல்சட்டியிலோ அடிகனமான வாணலியிலோ ஒன்றாகக் கொட்டி, சின்னத் தீயில் வையுங்கள். முதல் கால் மணி நேரம் சும்மா கொதிக்கும். அப்புறம் கொப்புளம் பெரிதாகி 'தொப் தொப்' என்று தெறிக்க ஆரம்பிக்கும், அப்போதிலிருந்து பக்கத்தை விட்டு நகரக் கூடாது, பருப்பு அடிபிடிக்கும். இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து கறி கறுத்துத் திரண்டு வருகிற வரை கிளறுங்கள். பரங்கியும் சர்க்கரைவள்ளியும் கரைந்துபோய் அந்தக் குழம்புக்கு ஒரு இனிப்பு வரும் பாருங்கள், பழையதுக்கு அதைவிடத் தொட்டுக்கை கிடையாது. தேங்காய் அரைத்து விட்ட குழம்பும் கீரையும் மட்டும் இதில் வேண்டாம். அந்தக் காலத்தில் காலையும் மாலையும் கொதிக்க வைத்தே நாலைந்து நாள் ஓட்டினார்கள், நான் இரண்டு நாளைக்கு மேல் வைப்பதில்லை, அதுவும் ஃப்ரிட்ஜில்.

நாகப்பட்டினத்திலிருந்து: இணையத்தில் பாதி விலைக்குக் குக்கர், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. பரவாயில்லையா?

வேண்டாம். வீட்டுக் குக்கருக்கு அந்த முத்திரை சட்டப்படியே கட்டாயம். முத்திரை இல்லாததை விற்றதற்காக இணையக் கடைகள் மீது 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கையே எடுத்திருக்கிறது.

திருவையாற்றிலிருந்து: ஈயச்சொம்பு ஆன்லைனில் வாங்கலாமா? ரிவ்யூ எல்லாம் "ரசம் சூப்பர்" என்கிறது.

ரசம் சூப்பராக இருப்பது புளிக்கும் மிளகுக்கும் சேர வேண்டிய பெயர். சொம்பு வெள்ளீயமா, அதில் காரீயம் கலந்திருக்கிறதா என்று நாக்கு சொல்லாது, காரீயமோ உடம்புக்கு விஷம். கும்பகோணத்தில் பரம்பரையாகப் பாத்திரம் விற்கிற கடைக்கு நேரில் போய், வெள்ளீயம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், அதனால் சொம்பில் புளித்தண்ணீரை ஊற்றின பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

குத்தாலத்திலிருந்து: தோசை மாவு புளித்துப்போனால்?

கொஞ்சம் ரவை, வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய் போட்டுப் பணியாரம்.

மயிலாடுதுறையிலிருந்து: ஒரு ஸ்டார் போட்டேன். விற்றவர் போன் செய்து, பணத்தைத் திருப்பித் தருகிறேன், ரிவ்யூவை எடுத்துவிடுங்கள் என்கிறார்.

பழுதான பொருளுக்குப் பணம் வருவது உங்கள் உரிமை, வாங்கிக்கொள்ளுங்கள். ரிவ்யூவை எடுக்காதீர்கள். கீழே இரண்டு வரி சேருங்கள்: இந்தத் தேதியில் பழுதானது, இந்தத் தேதியில் பணம் திரும்பி வந்தது. அவர் ஒழுங்காக நடந்துகொண்டதும் அதில் பதிவாகட்டும்.

தஞ்சாவூரிலிருந்து: அந்தக் கண்ணாடி டப்பா இப்போது எப்படி இருக்கிறது?

ஏழாவது மாதம் மூடியின் ஒரு கொக்கி உடைந்துவிட்டது. கண்ணாடியில் கீறல் இல்லை, மஞ்சள் கறை இல்லை, ஆனால் குழம்பு வைத்துச் சாய்த்தால் ஒழுகுகிறது. நேற்றே ரிவ்யூவில் சேர்த்துவிட்டேன், நாலு ஸ்டாரை மூன்றாக்கியிருக்கிறேன்.