உழைத்தால் முன்னேறலாம் என்கிறார்கள். பிறகு ஏன் சிலர் கடைசிவரை ஏழையாகவே இருக்கிறார்கள்? சோம்பேறித்தனமா?

சோம்பேறித்தனமா என்று கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றாம் தேதி சம்பளம் வங்கியில் ஏறிவிடும் ஆள் நீங்கள் என்று நினைக்கிறேன். வீட்டுக்கடன் எட்டு, ஒன்பது சதவீதத்துக்கே கிடைத்துவிடும்.

என் அம்மா வியாசர்பாடியில் தள்ளுவண்டியில் காய்கறி விற்றவர். விடியும் முன்னே கோயம்பேடு, அங்கிருந்து பங்குக்குப் பிடித்த குட்டியானையில் மூட்டைகளோடு திரும்பி, வெயில் ஏறுவதற்குள் பாதித் தெரு சுற்றியாக வேண்டும். முதலுக்குத் தண்டல், அதாவது தினமும் வந்து வசூலிக்கும் வட்டிக்கடன். பேச்சு பத்தாயிரம், கைக்கு வருவது 8,500. தினம் நூறு ரூபாய், நூறு நாள். 'மொத்தமே 1,500தானே' என்பீர்கள். வாங்கிய மறுநாளே பணம் திரும்பிப் போக ஆரம்பித்துவிடுகிறதே! கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய பத்து வட்டி. ஆண்டுக்கு 120 சதவீதம். மழையானாலும் சாயங்காலம் தண்டல்காரர் அட்டையோடு வந்து நிற்பார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வியாபாரம் படுத்தபோது, பழைய தண்டலை அடைக்கப் புதுத் தண்டல்.

பிற்பாடு மகளிர் குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்குக் கடன் கிடைத்தது. அதே வண்டி, அதே கத்தரிக்காய், அதே முழங்கால் வலி. ஆனால் கையில் காசு நின்றது. அம்மா ஒன்றும் திடீரென்று சுறுசுறுப்பாகிவிடவில்லை.

'எல்லா ஏழையும் வட்டியால்தான் ஏழையா?' என்று யாராவது கிளம்புவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. குடித்து அழித்தவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. உங்கள் தெருவிலும் இருப்பார்கள், அப்பா கட்டிய வீடு அவர்களைத் தாங்கிவிடும். தண்டல்காரரையும் திட்டவில்லை, ஜாமீன் கேட்காமல் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது, ஆனால் சட்டமா காய் வாங்க முதல் தரும்? தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் 10,000 ரூபாய்க் கடன், பிஎம் ஸ்வநிதி, 2020இல்தான் வந்தது.

சம்பந்தமில்லாமல் இன்னொன்று. அம்மாவிடம் கால் கிலோ தக்காளி வாங்கிவிட்டுக் கொத்தமல்லியை உரிமையோடு சும்மா கேட்டவர்கள், சூப்பர் மார்க்கெட்டில் ஒட்டியிருக்கும் விலையை அப்படியே கொடுக்கிறார்கள். பை கேட்டால் அதற்கும் தனிக் காசு! இது ஏன் என்று கேட்டால் மட்டும் ஒருவரும் பதில் எழுதுவதில்லை.