அட்மிட் ஆனால் இன்சூரன்ஸ், பிசியோதெரபிக்கு என் காசு: எது லாபம்?

கேள்வி: எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாதச் சம்பளம் 36,000 ரூபாய். நான்கு மாதமாக இடுப்புவலி. எலும்பு டாக்டர் பரிசோதித்துவிட்டு, “நரம்பில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை, முதலில் பிசியோதெரபி செய்து பாருங்கள்” என்றார். ஒரு சிட்டிங் 400 ரூபாய், பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகக் கட்டினால் 3,500. கம்பெனி இன்சூரன்ஸில் இது வராதாம். இன்னொரு மருத்துவமனையில், “ரெண்டு நாள் அட்மிட் ஆயிருங்க, ஸ்கேன், ஊசி, பிசியோ எல்லாத்தையும் கேஷ்லெஸ்ல முடிச்சிரலாம்” என்று 45,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். “நம்ம காசு எதுக்குப் போகணும்?” என்கிறார் கணவர். பாலிசி மூன்று லட்சம். எங்கள் இருவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து. எதைத் தேர்ந்தெடுப்பது? 67 வயதான என் அம்மாவும் மூட்டுவலிக்கு பிசியோதெரபி போகிறார். அவருக்கு இன்சூரன்ஸ் கிடையாது, நானும் அண்ணனும்தான் பார்த்துக்கொள்கிறோம். அந்தச் செலவுக்கு வரிச்சலுகை கிடைக்குமா? — வாசகி, திருப்பூர்.

பதில்: பிசியோதெரபியிலிருந்தே தொடங்குங்கள், உங்கள் காசிலேயே. ஆனால் பத்து சிட்டிங் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள்.

முதலில் அந்த 45,000 ரூபாய்க் கணக்கைப் பார்ப்போம். கேஷ்லெஸ் என்றதும் அது யாரோ கொடுக்கும் பணம் மாதிரித் தோன்றும். உங்கள் குடும்பத்துக்கு இந்த வருடம் முழுவதற்கும் இருப்பது மூன்று லட்சம். இதில் 45,000 போனால் மிச்சம் 2,55,000. நாளைக்குப் பிள்ளைக்கு டெங்கு வந்தாலும், கணவர் வண்டியிலிருந்து விழுந்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கேஷ்லெஸ் என்றாலும் கையுறை, சிரிஞ்சு போன்ற சில்லறைச் செலவுகளைப் பல பாலிசிகள் தருவதில்லை. அறை வாடகைக்கு உச்சவரம்பு இருந்து, நீங்கள் அதைவிட அதிக வாடகை அறையில் தங்கினால், மற்ற கட்டணங்களிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று கவுன்ட்டரில் நின்று சில ஆயிரங்கள் கட்டுபவர்கள் ஏராளம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, கிளெய்ம் நிராகரிக்கப்படுவது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கும் பொதுவான விலக்குகளில் ஒன்று, பரிசோதனைக்காகவே மருத்துவமனையில் சேர்வது. படுக்கத் தேவையில்லாத ஒருவரை ஸ்கேனுக்காகவும் பிசியோவுக்காகவும் படுக்க வைத்தால், ‘இதற்கு அட்மிஷன் அவசியமில்லை’ என்று கம்பெனி கைவிரிக்க முழு இடமிருக்கிறது. ஏற்கெனவே ஒரு டாக்டர் உங்களுக்கு வெளிநோயாளி சிகிச்சையே போதும் என்றிருக்கிறார். கிளெய்ம் மறுக்கப்பட்டால் 45,000 ரூபாயும் உங்கள் தலையில்தான் விழும். கிளெய்ம் கிடைப்பதற்காக இல்லாத அவசரத்தை எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் காகிதத்தில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து.

நம் ஊர் பாலிசிகளின் அமைப்பிலேயே ஒரு கோணல் இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டால், அதற்குப் பிறகு குறிப்பிட்ட நாட்கள்வரை, பல பாலிசிகளில் 60 நாள், டாக்டர் எழுதித் தரும் பிசியோதெரபிக்குப் பணம் கிடைக்கும். அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் இருக்கச் செய்யும் பிசியோதெரபிக்குக் கிடைக்காது. சாதாரண பாலிசி 24 மணி நேரமாவது படுத்தால்தான் பணம் தரும் என்பதால் வரும் வினை இது. உங்கள் கணவரின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் எந்தச் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் தருகிறது என்பதை வைத்து எந்தச் சிகிச்சை வேண்டும் என்று முடிவெடுத்தால், பாலிசி உங்களை நடத்திக்கொண்டு போகும்.

இப்போது ஸ்கேனுக்கு வருவோம். 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன் முடிவுகளை வயதுவாரியாகத் திரட்டியது. நாற்பது வயதுக்காரர்களில் சுமார் பாதிப்பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. டிஸ்க் தேய்மானம் 68 சதவீதம் பேருக்கு. வலி இல்லாதவர்களுக்கே இப்படி என்றால், உங்கள் ரிப்போர்ட்டிலும் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று வர நல்ல வாய்ப்பிருக்கிறது. உங்கள் வலிக்கு அதுதான் காரணமா என்பது வேறு விஷயம். கையில் அந்தக் காகிதம் வந்ததும் பயம் வரும், அடுத்த டாக்டர் வருவார், அடுத்த ஊசி வரும். நான் பார்த்த வீடுகளில் பெரிய செலவு தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பிசியோதெரபியில் தொடங்கினால் ஸ்கேனும் அட்மிஷனும் எங்கும் போய்விடாது, ஆறு வாரம் கழித்தும் செய்துகொள்ளலாம்.

இதற்கு விலக்கு உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் வலுவிழப்பது, வலியோடு காய்ச்சல் அல்லது காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் இருந்தது: இவற்றில் எது இருந்தாலும் காசுக் கணக்கெல்லாம் தள்ளிவைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

இனி பிசியோதெரபியில் உங்கள் பணம் எதற்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. உடற்பயிற்சித் திட்டத்தையும், வலியைப் பற்றி நோயாளிக்குப் புரியவைத்துத் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக் கற்றுத்தருவதையும் அது பரிந்துரைக்கிறது. இழுவை சிகிச்சை என்கிற டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், தோல்மேல் பட்டை ஒட்டிக் கொடுக்கும் மின்தூண்டல், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் ஊர் சென்டர்கள் பலவற்றில் நடப்பது நேர்மாறு. அரை மணி நேரம் மெஷினில் படுக்க வைத்துவிட்டு, கிளம்பும்போது இரண்டு பயிற்சியைச் சொல்லி அனுப்புகிறார்கள். 400 ரூபாய்க்கு மெஷின் வாங்காதீர்கள், பயிற்சியை வாங்குங்கள்.

ஆகவே முதல் சிட்டிங்கிலேயே கேளுங்கள்: எனக்கு எந்தப் பயிற்சி, வீட்டில் செய்ய எழுதித் தருவீர்களா, பலன் இல்லை என்று எத்தனை வாரத்தில் தெரியும்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் தினமும் போக வேண்டியதில்லை. வாரம் ஒன்றிரண்டு முறை போய்த் திருத்திக்கொண்டு, மற்ற நாட்களில் வீட்டிலேயே செய்யலாம். பத்து சிட்டிங் பேக்கேஜில் மிச்சமாவது 500 ரூபாய். நான்காவது சிட்டிங்கில் நின்றுவிட்டால் பேக்கேஜில் போவது 3,500, தனித்தனியாகக் கட்டியிருந்தால் 1,600. போக்குவரத்து, அரைநாள் விடுப்பு எல்லாம் சேர்த்து 6,000 ரூபாயை உச்சவரம்பாக ஒதுக்குங்கள். ஆறு வாரத்தில் உட்காருவது, குனிவது, தூங்குவது எதிலும் மாற்றமே இல்லையென்றால் பழைய டாக்டரிடமே திரும்புங்கள். 400 ரூபாயும் கனமாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிக்குக் கட்டணமில்லை. வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்கும் உங்கள் சக ஊழியர்களுக்கு இ.எஸ்.ஐ. வெளிநோயாளி சிகிச்சையையே தருகிறது. நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. பிசியோதெரபி எல்லா வலிக்கும் காசு மிச்சப்படுத்தும் என்று சொல்ல மாட்டேன். புதிதாகப் பிடித்த இடுப்புவலிக்கு உடனே பிசியோதெரபி தொடங்குவதை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவில், சும்மா காத்திருந்தவர்களைவிடக் கிடைத்த பலன் சிறியதாகவே இருந்தது. காத்திருந்தவர்களும் பெரும்பாலும் தானாகவே தேறிவிட்டார்கள். நேற்றுப் பிடித்த வலிக்கு இன்று சிட்டிங் போக வேண்டாம். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டதால் கதை வேறு.

வெளிநோயாளி செலவையும் தரும் ரைடர், அதாவது பாலிசியோடு கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் வசதி, வாங்கலாமா என்று அடுத்து தோன்றும். விளம்பரத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். வருடம் 4,000 ரூபாய் பிரீமியம் கட்டி 5,000 ரூபாய் வரம்பு கிடைத்தால், அதுவும் அவர்கள் சொல்லும் இடத்தில் மட்டும் என்றால், அந்த 4,000-ஐ ஆர்.டி.யில் போடுவதே மேல். ரைடரைவிட, கம்பெனி பாலிசியைத் தாண்டி உங்கள் பெயரில் ஒரு குடும்ப பாலிசி அவசியம். விண்ணப்பத்தில் இந்த இடுப்புவலியைக் கட்டாயம் எழுதுங்கள். அட்மிட் ஆகவில்லை என்பதற்காக மறைக்க முடியாது. முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

அம்மாவின் செலவு: இன்சூரன்ஸ் இல்லாத 60 வயதைத் தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவில், எல்லாரும் 80டி என்று சொல்லும் வருமான வரிக் கழிவின்படி, வருடம் 50,000 ரூபாய்வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். பழைய வரிமுறையில் மட்டும். ஆனால் உங்கள் வருடச் சம்பளம் 4,32,000 ரூபாய். வேறு வருமானம் இல்லையென்றால் எந்த முறையிலும் உங்களுக்கு வரியே வராது, கழித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அண்ணன் வரி கட்டுபவராக, பழைய முறையில் இருப்பவராக இருந்தால், அம்மாவின் பிசியோதெரபி பில்லை அவரே கட்டட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, யு.பி.ஐ.யிலோ கார்டிலோ கட்டி, அம்மா பெயரில் ரசீது வாங்கி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு அம்மாவின் மளிகைச் செலவை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.